ராகிங் நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கல்லூரி விடுதியில் பதினோரு ஆண்டுகள் துணைக் காப்பாளராக இருந்தேன். அதில் ஆறு ஆண்டுகள் ராகிங் தடுப்புக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும், ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தொலைபேசிக்கு ஓய்வில்லை. சொந்தக்காரர், சொந்தக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர், பழைய மாணவர் என்று யாராவது அழைப்பார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் கோட்டை விடுவது அதற்கு முந்தைய கட்டத்தில். அந்தக் கட்டத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

அடித்தால்தான் ராகிங்கா?

இல்லை. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வலையை அகலமாகவே விரித்திருக்கிறது. ஒரு மாணவருக்கு உடலிலோ மனத்திலோ கேடு விளைவிக்கும், அச்சத்தையோ வெட்கத்தையோ கூச்சத்தையோ உண்டாக்கும் ஒழுங்கற்ற நடத்தை எல்லாம் அதற்குள் வரும். கேலி, வசவு, குறும்பு என்ற பெயரில் சீண்டுவது ஆகியவற்றைச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொரு வரி. ஒரு மாணவர் இயல்பாகத் தானே விரும்பிச் செய்யமாட்டாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் ராகிங்தான். சொல்வதே குற்றம், அவன் செய்திருக்க வேண்டும் என்பதில்லை.

2009-இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறைகள் இன்னும் நுணுக்கமானவை. மூத்த மாணவர்களின் பாட வேலைகளை முதலாண்டு மாணவர் தலையில் கட்டுவது, பணம் பறிப்பது, விருந்து வைக்கச் சொல்லிச் செலவு இழுத்துவிடுவது, படிப்புக்கு இடைஞ்சல் செய்வது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இரவு ஒரு மணிக்கு முதலாண்டு மாணவன் ஒருவன் மூன்றாம் ஆண்டின் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கேட்டால், "அண்ணனுக்கு உதவி செய்கிறேன் சார்" என்றான். அந்த அண்ணன் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டுப் பாடச் சொன்னது, பெயரும் ஊரும் கேட்டது கூடவா குற்றம்?

பெயர் கேட்பதில் குற்றமில்லை. கேட்ட விதம்தான் கேள்வி. வெளியே போக முடியாதபடி நான்கு பேர் சூழ்ந்து நின்று, இரவு பதினொரு மணிக்குப் பாடச் சொன்னால், அந்தப் பாட்டு பாட்டல்ல.

பல கல்லூரிகளில் ஒரு பழக்கம் உண்டு. சீனியர் முன்னால் நிற்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது; தன் சட்டையின் மூன்றாவது பொத்தானையே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். இதில் அடியில்லை, வசவில்லை, காசும் போவதில்லை. ஆனால் இரண்டு மாதம் பொத்தானையே பார்த்து நின்ற பையன், ஆசிரியர் அறைக்குள் வந்தாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். அந்தக் கழுத்தைப் பார்த்தே எந்த அறையில் என்ன நடக்கிறது என்று எங்கள் பழைய காப்பாளர் சொல்லிவிடுவார். கூச்சமும் அச்சமும் உண்டாக்கும் நடத்தை என்று சட்டம் எழுதியிருப்பது இதையும் சேர்த்துத்தான் என்பது என் வாசிப்பு.

தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்?

தமிழ்நாட்டுக்கு மட்டும் அல்ல. கேரளத்துக்கும் வேறு சில மாநிலங்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. ஆனால் இங்கே அது எப்படி வந்தது என்பதை நாற்பது வயதுக்கு மேற்பட்ட எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த பொன் நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன் அவர். குற்றம் சாட்டப்பட்டவர் அதே கல்லூரியின் மூத்த மாணவர். ராகிங்குக்குப் பணியாததுதான் காரணம் என்றது அரசுத் தரப்பு. மாநிலமே உறைந்துபோன அந்தச் சம்பவத்தின் கையோடு பிறந்ததுதான் இந்தச் சட்டம்.

வழக்கு போன பாதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998 மார்ச்சில் ஆயுள் தண்டனை விதித்தது. 2001 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்துசெய்து தண்டனையை மீண்டும் உறுதிப்படுத்தியது. பதினான்கரை ஆண்டுகள். கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு நின்ற வழக்கு அது. ஒரே சான்றுகளை வைத்துக்கொண்டு இரண்டு உயர்ந்த நீதிமன்றங்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்தன. என்னிடம் பேசும் பெற்றோரிடம் "எழுதுங்கள், எழுதுங்கள்" என்று நான் நச்சரிப்பதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம்.

தண்டனை என்ன?

தமிழ்நாடு சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நேரடியாகச் செய்தவருக்கு மட்டுமல்ல, மறைமுகமாகச் செய்தவர், பங்கெடுத்தவர், தூண்டியவர், பரப்பியவர் எல்லாருக்கும் இதே தண்டனை. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிட்டால் கல்லூரியிலிருந்து நீக்கம்; வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர முடியாது. சிறையைவிட இந்தக் கடைசி வரிக்குத்தான் மாணவர்கள் அஞ்சுகிறார்கள். அபராதத் தொகை மட்டும் 1997-இன் பத்தாயிரமாகவே நிற்கிறது. இன்றைக்கு அது ஒரு பருவத்தின் உணவுக் கட்டணத்துக்குக் கூடக் காணாது.

கல்லூரி தானாக எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் வேறு. அவற்றை யு.ஜி.சி. வரிசைப்படுத்தியிருக்கிறது. வகுப்பிலிருந்து இடைநீக்கம், உதவித்தொகை நிறுத்தம், தேர்வு எழுதத் தடை, தேர்வு முடிவை நிறுத்திவைத்தல், விடுதியிலிருந்து வெளியேற்றம், ஒன்று முதல் நான்கு பருவம் வரை நீக்கம், சேர்க்கை ரத்து. இவற்றுக்கு நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு ஆண்டுதானே, பெரிய விஷயமா என்கிறான் என் தம்பி மகன்.

தம்பி மகனிடம் சொல்லுங்கள்: ராகிங் சட்டம் தனியாக வருவதில்லை, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும். அறையில் பூட்டி வைத்தால் சட்டவிரோத அடைப்பு. வழி மறித்தால் அதற்கொரு பிரிவு. அடித்தால் காயம் விளைவித்தல், மிரட்டினால் குற்ற மிரட்டல், காசு கேட்டால் பணப்பறிப்பு. பாதிக்கப்பட்டவர் உயிரை மாய்த்துக்கொண்டால் தற்கொலைக்குத் தூண்டுதல். இவை எல்லாம், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தனித்தனிப் பிரிவுகள். 2009-இல் இமாசலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்ற பத்தொன்பது வயது மாணவர் சீனியர்களின் அடியில் இறந்துபோனார். அந்த வழக்கில் நான்கு மாணவர்களுக்கு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக, நான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. நால்வரும் மருத்துவம் படிக்க வந்தவர்கள்.

முதலாண்டு மாணவர்களில் பலருக்குப் பதினெட்டு நிரம்பியிருக்காது என்பதையும் சீனியர்கள் யோசிப்பதில்லை. பதினேழு வயதுப் பையனின் ஆடையைக் களையச் சொன்னால், "எல்லாரும் ஆண்கள்தானே" என்ற வாதம் எடுபடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.

சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அது ராகிங்கா, வேறா?

இரண்டும்தான். 2016-இல் யு.ஜி.சி. தன் ஒழுங்குமுறையைத் திருத்தி, சாதி, மதம், நிறம், பாலினம், மொழி, பிறந்த ஊர், பொருளாதார நிலை முதலியவற்றைச் சொல்லி ஒரு மாணவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்கி வைப்பதையும் ராகிங் என்றே சேர்த்தது. பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். புகாரில் நாசூக்குப் பார்க்காதீர்கள். "தகாத வார்த்தை பேசினார்" என்று எழுதினால் அது வெறும் வசவாகிவிடும். என்ன சொன்னாரோ, அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள்.

கல்லூரி முதல்வர் "பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். ஆனால் எதுவும் நடக்கவில்லை.

இதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் தாய்க் கேள்வி. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாடு சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி, ஒரு மாணவர் புகார் கொடுத்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும். உண்மை என்று தெரிந்தால் குற்றம் செய்த மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். 'செய்யலாம்' அல்ல, 'வேண்டும்'. 7-ஆம் பிரிவு அதற்கு ஒரு கொக்கி போடுகிறது. தலைவர் அதைச் செய்யத் தவறினால், அலட்சியம் காட்டினால், அவரே ராகிங்குக்கு உடந்தையாக இருந்ததாகக் கருதப்படுவார். தண்டனையும் ராகிங் செய்தவருக்கு உள்ளதுதான். இரண்டு ஆண்டு வரை சிறை.

உச்ச நீதிமன்றமும் இதே பக்கம்தான். சி.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநரும் தமிழ்நாடு பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரியுமான ஆர்.கே.ராகவன் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2007 மே மாதம் அது ஓர் உத்தரவு போட்டது. கல்லூரியின் நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவருக்கோ பெற்றோருக்கோ நிறைவில்லை என்றால், கல்லூரி நிர்வாகமே போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்யக் கோர வேண்டும். அதில் வேண்டுமென்று தாமதித்தால் அது தண்டனைக்குரிய அலட்சியம் என்றது. 2009 ஒழுங்குமுறை இன்னும் நெருக்கியது. குற்றவியல் சட்டத்தில் வரக்கூடிய ராகிங் என்று தெரிந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். தவறும் நிறுவனத்தின் மானியத்தை நிறுத்தும் அதிகாரமும் யு.ஜி.சி.யிடம் உண்டு.

இவ்வளவும் இருந்தும் ஏன் எதுவும் நடப்பதில்லை? ஏனென்றால் "பார்த்துக்கொள்கிறேன்" என்ற சொல்லுக்குத் தேதி கிடையாது. 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. வாய்வழிப் புகார் முதல்வரின் நினைவில் இருக்கும்வரைதான் புகார். காகிதத்தில் ஏறி, முத்திரை விழுந்த கணத்திலிருந்து பாரம் உங்கள் தோளிலிருந்து இறங்கி அவர் தோளில் ஏறிவிடுகிறது. அது அவருக்கும் தெரியும். அதனால்தான் தேநீர் வாங்கிக் கொடுப்பார், தோளில் கை போடுவார், காகிதத்தை மட்டும் வாங்க மாட்டார்.

நான் குழுவில் இருந்தபோது ஒரு தகப்பனார் வந்தார். அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவர். பையனின் இடது காது வீங்கியிருந்தது. இரண்டு பக்கத்துக்குக் கையால் எழுதிய புகாரை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் நீட்டி, நகலில் முத்திரை போட்டுத் தரச் சொன்னார். கண்காணிப்பாளர் பேனாவை மூடி வைத்தார். "ஐயா, முதல்வர் வெளியூரில் இருக்கிறார். அவர் வரட்டும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். நாலு பிள்ளைகளின் எதிர்காலம் பாருங்கள்." தகப்பனார் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த தபால் நிலையத்துக்குப் போனார். ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபாலில் முதல்வருக்கு அனுப்பிவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் அதே கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தபாலை வாங்க வேண்டியதாயிற்று. நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ராகிங் தடுப்புக் குழு கூடியது. அந்த ஆண்டில் அதுதான் எங்கள் முதல் கூட்டம்.

பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். வழி அடைபடவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. அதோடு கல்லூரியின் அலுவல் மின்னஞ்சலுக்கும் ஒன்று தட்டிவிடுங்கள். மின்னஞ்சலுக்கு மணிக்கணக்கும் நிமிடக்கணக்கும் உண்டு.

புகாரில் என்ன எழுத வேண்டும்?

நாள், நேரம், இடம், ஆட்கள், அவர்கள் சொன்னது, செய்தது, பக்கத்தில் இருந்தவர்கள். அவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் அறை எண், ஆண்டு, துறை, அடையாளம். "என் மகன் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி" என்று தொடங்கும் புகார்கள் ஏராளம் வரும். மூன்று பத்தி படித்தாலும் என்ன நடந்தது என்று தெரியாது. "14-ஆம் தேதி இரவு 11.20-க்கு மூன்றாம் மாடியில் இன்ன அறையில்" என்று தொடங்கும் புகாரை எந்தக் குழுவாலும் ஓரம் கட்ட முடியாது. காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தெரிந்த மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டால் காயம் ஆறும், சான்றும் சேர்ந்து ஆறிவிடும்.

போலீஸ் நிலையத்துக்கு நேரே போகலாமா? கல்லூரி இருப்பது முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.

போகலாம். கல்லூரியின் அனுமதி தேவையில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் உங்கள் ஊர் நிலையத்திலேயே தகவல் கொடுக்கலாம். அவர்கள் பதிவுசெய்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

பெயர் வெளியே வராமல் புகார் செய்ய வழி உண்டா?

யு.ஜி.சி.யின் இருபத்து நான்கு மணி நேர உதவி எண் 1800-180-5522. கட்டணம் கிடையாது. பெயர் சொல்லாமலும் புகார் சொல்லலாம். புகார் கல்லூரிக்கும் போலீஸுக்கும் போகும். மேலிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் இருப்பதால் கல்லூரி அலுவலகம் எழுந்து உட்காரும். ஆனால் பெயரில்லாப் புகாரை வைத்து ஒருவரைத் தண்டிப்பது கடினம். அது விளக்கைப் போடும். திருடனைப் பிடிக்க யாராவது அடையாளம் காட்டத்தான் வேண்டும்.

ஒரு மன்றமோ அணியோ விடுதிக் குழுவோ சேர்ந்து செய்தால் யாரைப் பிடிப்பது?

ஆட்களைத்தான். நம் சட்டத்தில் ராகிங் செய்பவர் மனிதர். துறை மன்றம், விளையாட்டு அணி, மாணவர் சங்கம் என்ற பெயர்களுக்குக் கைவிலங்கு பூட்ட முடியாது. ஆனால் கூட்டமாகச் செய்ததால் பொறுப்பு பங்கு போடப்படுவதில்லை, பெருகுகிறது. பொது நோக்கத்தோடு பலர் சேர்ந்து செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் முழுவதையும் தாமே செய்ததுபோலப் பொறுப்பாவார் என்பது குற்றவியல் சட்டத்தின் பழைய விதி. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் சட்டவிரோதக் கூட்டம் என்ற பிரிவும் சேரும். "நான் அடிக்கவில்லை சார், கதவைத்தான் சாத்தினேன்" என்று ஒரு மாணவன் எங்கள் குழுவின் முன்னால் சொன்னான். கதவு திறந்திருந்தால் அந்தப் பையன் ஓடியிருப்பான் என்பது அவனுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

செய்தவர்களை அடையாளம் காண முடியாவிட்டால் கூட்டுத் தண்டனை கொடுக்கலாம் என்கிறது யு.ஜி.சி. ஒழுங்குமுறை. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு மாடி முழுவதற்கும் அபராதம் போட்டால் செய்தவன் சிரிப்பான், செய்யாதவன் புகார் கொடுத்தவனைச் சபிப்பான். விசாரிக்கச் சோம்பல்படும் நிர்வாகத்துக்கு இது நல்ல தலையணை.

அமெரிக்காவில் சங்கத்தையே கூண்டில் ஏற்றும் வழி உண்டு. 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரி மாணவர் ஒருவர், 'ஃப்ரட்டர்னிட்டி' எனப்படும் மாணவர் சகோதரத்துவச் சங்கம் ஒன்றின் சேர்க்கைச் சடங்கில், பென்சில்வேனியா மலைப்பகுதியில் தாக்கப்பட்டு இறந்தார். சடங்கில் இருந்த மாணவர்கள் மட்டுமல்ல, பை டெல்டா சை என்ற அந்தச் சங்கமும் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2018 ஜனவரியில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அபராதமும், பத்து ஆண்டுகள் அந்த மாநிலத்தில் இயங்கத் தடையும் விதித்தார்கள். அங்கே அந்தச் சங்கங்களுக்குத் தலைமையகமும் வீடும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. பிடிக்க ஏதாவது கிடைக்கிறது. நம் ஊர் 'சீனியர் பேட்ச்'சுக்கு இருப்பதெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழுதான்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் நடப்பது கணக்கில் வருமா? கல்லூரிக்கு வெளியே, வாடகை அறையில் நடந்தால்?

கல்லூரிக்கு உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் ராகிங் ராகிங்தான் என்று தமிழ்நாடு சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. பஸ்ஸில், வாடகை அறையில், தேநீர்க் கடையில் எங்கே நடந்தாலும் பொருந்தும். "வளாகத்துக்கு வெளியே நடந்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதிக் கொடுக்கும் கல்லூரி சட்டத்தின் மூன்றாவது பிரிவைப் படிக்கவில்லை என்று பொருள். முதலாண்டு மாணவர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு தொடங்கி அங்கே துன்புறுத்துவதையும் ராகிங்காகவே கொள்ள வேண்டும் என்று யு.ஜி.சி. 2025-இல் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆத்திரத்தில் செய்திகளை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறாதீர்கள். முதலில் திரைப்பதிவு எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

நான் வெறுமனே நின்று பார்த்தேன், வீடியோ எடுத்தேன். எனக்கும் வழக்கா?

பார்த்ததற்காக மட்டும் வழக்கு வருவது அரிது. சிரித்து ஊக்கினீர்களா, காவல் நின்றீர்களா என்று கேட்பார்கள். வீடியோ எடுத்து நான்கு பேருக்கு அனுப்பியிருந்தால் 'பரப்பியவர்' என்ற சொல் உங்களைத் தேடி வரும் என்று நினைக்கிறேன். எடுத்ததைக் குழுவிடமோ போலீஸிடமோ கொடுத்தால் நீங்கள் சாட்சி. ஒரே வீடியோ, இரண்டு நாற்காலிகள்.

விடுதியில் தங்கியிருக்கும் முன்னாள் மாணவர் செய்தால்?

மாணவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தவர் குற்றவாளிதான். 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து இறந்த வழக்கில் கைதானவர்களுள் முன்னாள் மாணவர்களும் உண்டு. படிப்பு முடிந்தவர் விடுதியில் எப்படித் தங்கினார் என்ற கேள்விக்குக் காப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் சொல்லியிருக்கிறேன், நல்ல பதில் என்னிடம் இருக்கவில்லை.

சமரசமாகப் போய்விடலாம் என்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிடலாமா?

முடிவு பாதிக்கப்பட்டவருடையது. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு முதல்வர் அறையில் எழுதிக்கொள்ளும் சமரசக் கடிதத்தால் வழக்கு மறைந்துவிடாது. அதை ரத்துசெய்யும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. எஃப்.ஐ.ஆருக்கு முன்னால் "எனக்கு எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த மாதம் மீண்டும் நடக்கும்போது உங்கள் கையெழுத்தையே உங்கள் முன்னால் நீட்டுவார்கள். மன்னிக்க விரும்பினால், நடந்தது முழுவதையும் எழுதி, செய்தவர்களின் ஒப்புதல் கையெழுத்தோடு மன்னியுங்கள்.

என் மகன்மீதுதான் புகார். அவன் செய்யவில்லை என்கிறான்.

அவனுக்கும் உரிமை உண்டு. என்ன புகார் என்று தெரிந்துகொள்ளவும், தன் பக்கத்தைச் சொல்லவும், சாட்சி காட்டவும் வாய்ப்பளிக்காமல் நீக்கினால் அந்த உத்தரவு நிற்காது. ராகிங் தடுப்புக் குழுவின் முடிவை எதிர்த்து, இணைப்புக் கல்லூரி என்றால் துணைவேந்தரிடமும், பல்கலைக்கழகம் என்றால் வேந்தரிடமும் மேல்முறையீடு செய்யலாம். பொய்ப் புகார்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவற்றில் ஒன்று, மட்டைப்பந்து அணித் தேர்வில் தோற்ற கோபம். ஆனால் பாதிக்கப்பட்ட மாணவனின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுவது, ஊர்ப் பெரியவரை அனுப்புவது, வேலை வாங்கித் தருவதாகச் சொல்வது எதையும் செய்யாதீர்கள். அன்போடு போனாலும் அது சாட்சியைக் கலைப்பதாகத்தான் பதிவாகும். சேர்க்கையின்போது நீங்களும் மகனும் கையெழுத்திட்ட ராகிங் எதிர்ப்பு உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட அன்று யாரும் படிப்பதில்லை.

இலங்கையில் என்ன சட்டம்?

அங்கே இதற்குப் பெயர் பகிடிவதை. 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் பிற வன்முறைகளையும் தடை செய்கிறது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ சேர்ந்தால் பத்து ஆண்டு வரை. 1997-இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் தமிழ் மாணவர் ஒருவர், பகிடிவதை என்று செய்ய வைத்த கடும் உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனது இந்தச் சட்டத்துக்கு முந்தைய ஆண்டின் துயரம். அடி விழவில்லை, தோப்புக்கரணம் போல ஏதோ ஒன்று என்று நினைத்தவர்களுக்கு அந்த மரணம்தான் பதில்.

புகார் கொடுத்த பிறகும் பையன் அதே விடுதியில்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வி எப்போதும் கடைசியில், குரல் தாழ்ந்துதான் வரும். பெற்றோரின் உண்மையான பயம் இதுதான்.

முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதியோ தனிப் பகுதியோ கொடுத்து, அங்கே சீனியர் நடமாட்டத்தைக் கண்காணிக்க வேண்டும் என்று யு.ஜி.சி. ஒழுங்குமுறை சொல்கிறது. முதல் மூன்று மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்க வேண்டும். திடீர்ச் சோதனைக்குத் தனிக் குழு வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்குங்கள். புகாரின் கடைசிப் பத்தியில், "என் மகனுக்கு உடனே அறை மாற்றித் தர வேண்டும், விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதியில் இருக்கக் கூடாது" என்று இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். எழுதாத கோரிக்கையை யாரும் நிறைவேற்றியதில்லை.

அஞ்சலகக்காரரின் மகன் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தான். அடித்தவர்களில் இருவர் ஒரு பருவம் நீக்கப்பட்டிருந்தார்கள். அவனைத் தரைத்தளத்தில், என் அறைக்கு மூன்றாவது அறைக்கு மாற்றினேன். முதல் இரண்டு வாரம் அவனோடு உணவுக்கூடத்தில் யாரும் உட்காரவில்லை. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றுதான் அன்று நினைத்தேன். ஒதுக்கி வைப்பதும் பின்னாளில் பட்டியலில் ஏறும் என்று அன்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வாரம் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, பக்கத்து அறை முதலாண்டு மாணவன் ஒருவனுக்குப் புகார் எழுத இரண்டு வெள்ளைத் தாள் கேட்டான். தாளைக் கொடுத்தேன். தேதியை மேலே, வலப்பக்கம் போடச் சொன்னேன்.